மூன்று மணி நேர இன்சுலின்

இன்சுலின் தன் உடம்பில் மூன்று மணி நேரம்தான் வேலை செய்கிறது என்று என் தம்பி ஒரு பொய் சொன்னான். டாக்டரிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. தன் போனில் ஓடிக்கொண்டிருந்த செயலியிடம் சொன்னான். எங்கள் வீட்டில் அதற்கு முன்பும் பொய்கள் சொல்லப்பட்டதுண்டு. எல்லாம் அரசாங்க ஆட்களிடம், எல்லாம் எங்களுக்குச் சேர வேண்டியதை வாங்குவதற்காக. அவர்கள் யாரும் எங்களை முழுசாக நம்பியதில்லை. இந்தச் செயலி ஒன்றுதான் நம்பியது. அது நம்பியதால் ஒன்பது மா நிலம் கையை விட்டுப் போயிற்று.

எங்கள் நிலம் என்று நான் சொன்னால் வக்கீல் திருத்துவார். நிலம் எங்களுடையது அல்ல, குத்தகை. நாகப்பட்டினம் போகும் வழியில், ஆற்றுத் தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டுக் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே ஒரு பெரிய பண்ணையில் பண்ணையாள் வீட்டுப் பிள்ளையாக என் அப்பா பிறந்தார். கொடி பிடித்தார், கூலிக்குச் சண்டை போட்டார், அடி வாங்கினார். கடைசியில் அதே பண்ணையின் ஒன்பது மாவுக்குப் பதிவு பெற்ற குத்தகைதாரர் ஆனார். ஒன்பது மா என்றால் மூன்று ஏக்கர். அவர் வாழ்நாளில் சம்பாதித்தது என்ன என்று கேட்டால் அந்தப் பதிவுதான்.

அப்பா போன பிறகு அது தம்பி பேருக்கு வர வேண்டும். அதற்குச் சட்டம் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. குத்தகைதாரர் என்றால் தானோ தன் வீட்டாரோ உடம்பால் உழைத்துச் சாகுபடி செய்ய வேண்டும். நல்ல சட்டம்தான். உட்கார்ந்து தின்றவர்களிடமிருந்து எங்களைக் காப்பாற்ற எழுதியது. அதை வைத்தே எங்களை வெளியே தள்ளலாம் என்று மிராசுதார் வீட்டு வாரிசுகளுக்கு யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர்கூட ஊரில் இல்லை. பண்ணை ஏஜெண்ட் ஒருவர்தான் இருந்தார். எந்தக் கழகம் ஆட்சிக்கு வந்தாலும் அந்தக் கரை போட்ட வேட்டி அவர் பெட்டியில் தயாராக இருக்கும். அவர் மனுப் போட்டார்: இந்த ஆள் நோயாளி, வயலில் இறங்க முடியாதவர், வீட்டில் உழைக்கவும் வேறு யாரும் கிடையாது, ஆகவே குத்தகை உரிமை செல்லாது.

வீட்டில் வேறு யார்? முழங்கால் தேய்ந்த அம்மா. அப்புறம் நான். சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருந்துவிட்டு, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொன்ன காலத்தில் ஊருக்கு வந்து, திரும்பிப் போகாமல் தங்கிவிட்டவள். நாள் முழுவதும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணைச் சாகுபடிதாரர் என்று எந்த அதிகாரியும் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆகவே எல்லாம் தம்பியின் உடம்பில் வந்து நின்றது.

அவனுக்குக் காலேஜ் முதல் வருஷத்தில் வந்தது. கணையம் இன்சுலின் சுரப்பதையே நிறுத்திக்கொள்ளும் வகைச் சர்க்கரை நோய். ஊரில் சுகர் என்றால் வயசானவர்களுக்கு வருவது, மாத்திரை போட்டுக்கொள்வது, கல்யாண வீட்டில் பாயசத்தை இடது பக்கம் தள்ளி வைப்பது. ஊசி போட்டுக்கொண்டே வாழ வேண்டிய இளைஞனைப் பற்றி யாருக்கும் தெரியாது. அவனும் சொல்லவில்லை. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் வயிற்றில் குத்திக்கொண்டு வந்து, ஒன்றும் நடக்காததுபோல் மண்வெட்டியை எடுப்பான். உழைப்பில் அவனைக் குறை சொல்ல முடியாது. வரப்பு வெட்டினால் நூல் பிடித்தது போலிருக்கும்.

ஊசியிலிருந்து அவனை விடுவித்தது நான். வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் பழசாகிவிட்டது என்று ஒதுக்கிய இன்சுலின் பம்ப் ஒன்று என் சிநேகிதி மூலமாக வந்து சேர்ந்தது. கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் வாங்கினோம். இரண்டையும் சேர்த்து ஓட்டும் செயலியை, உலகமெங்கும் இந்த நோய் உள்ளவர்களும் அவர்கள் வீட்டாரும் தாங்களே எழுதிப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். கம்பெனிகள் வருவதற்கு ஏன் காத்திருக்க வேண்டும் என்று கோபப்பட்டவர்கள் எழுதியது. அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது. அதை எடுத்து, அவன் உடம்புக்குத் தகுந்தபடி மாற்றி, தமிழில் எழுத்துப் போட்டு அவன் போனில் வைத்தேன்.

அதன் மூளை ஒரு வளைவுதான். உடம்பு தானே சுரக்கும் இன்சுலின் நேராக ரத்தத்தில் சேரும். நாம் தோலுக்கடியில் செலுத்துவது அங்கேயே தேங்கி நின்று, கசிந்து கசிந்துதான் ரத்தத்துக்குப் போகும். முதல் கால் மணி நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு வேகம் ஏறும். ஒரு மணி நேரம் தாண்டி உச்சத்துக்கு வரும். அப்புறம் இறங்கும், ஆனால் ஏறிய வேகத்தில் இறங்காது. மெலிந்து, இழுத்துக்கொண்டே போய், ஐந்து ஆறு மணி நேரத்தில்தான் அடங்கும். வரைந்து பார்த்தால் தலை பெருத்து வால் நீண்டிருக்கும். அந்த வாலில்தான் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். மூன்று மணி நேரத்துக்குப் பிறகு மிச்சமிருப்பது கொஞ்சம்தானே என்று தோன்றும். அந்தக் கொஞ்சத்தின் மேல் இன்னொரு கொஞ்சம், அதன் மேல் இன்னொன்று என்று அடுக்கினால் ஆளைச் சாய்க்க அது போதும்.

செயலி ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை சர்க்கரை அளவைப் பார்க்கும். இதுவரை உள்ளே போன ஒவ்வொரு சொட்டையும் எடுத்து, வளைவில் அது இப்போது எங்கே நிற்கிறது, இனி எவ்வளவு வேலை பாக்கி என்று கூட்டும். பாக்கி நிறைய இருந்தால் பொறுத்திருக்கும். இல்லையென்றால் பம்பிடம் சொல்லி இன்னும் கொஞ்சம் விடும். வளைவை வரைய அதற்கு இரண்டு விஷயம் தெரிந்தால் போதும்: உச்சம் எப்போது, முடிவு எப்போது. முடிவுக்கு நான் ஆறு மணி நேரம் கொடுத்திருந்தேன். அந்த எண் சரியா தப்பா என்று பார்க்க அதற்கு வழியில்லை. உடம்புக்குள் எட்டிப் பார்க்கக் கண் கிடையாது. சொன்னதை வைத்துக்கொண்டு கணக்குப் போடும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் தம்பிக்கு விளக்க நான் மதகைத்தான் எடுத்துக்கொண்டேன். அவனுக்கு அதுதானே தெரியும்.

"மதக அடைச்சதும் தண்ணி நின்னுருமாடா? வாய்க்கால்ல இருக்குறது வந்துக்கிட்டுத்தானே இருக்கும்? அது மாதிரிதான்."

"மேட்டு ஊர்ல அப்புடி இருக்கும். நம்ம ஊர்ல மதகத் தொறந்து வச்சாலே வராது," என்றான்.

சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. அவன் சொன்னது வேடிக்கை இல்லை, அவனுடைய மொத்தப் படிப்பும் அதுதான்.

கடைமடையில் விவசாயம் செய்கிறவன் முதலில் கற்றுக்கொள்வது உழவு அல்ல, கேட்பது. தண்ணீர் வராமல் ஐந்து நாள் ஆகிறது என்று பொதுப்பணித்துறை ஆபீசில் போய்ச் சொன்னால் "வரும், போங்க" என்பார்கள். பத்து நாள் ஆச்சு, பயிர் கருகிப்போச்சு என்று சொல்ல வேண்டும். அந்த எஞ்சினியருக்கும் தெரியும் இது ஐந்துதான் என்று. அவர் பாதியாக வெட்டிக்கொள்வார் என்று இவர்களுக்கும் தெரியும். வெள்ளத்தில் பாதிப் பயிர் போனால் முழுசும் போச்சு என்று சொன்னால்தான் அந்தப் பாதிக்கு நிவாரணம் வரும். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரம் பார்க்கும் மெஷின் இருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் கைக்குத் தகுந்தபடி அது எண் காட்டும். நெல்லைக் காயவைத்துக் காயவைத்து, எண் இறங்கக் காணாமல், மூட்டை மேலேயே படுத்துக் கிடந்தவன் என் தம்பி. மெஷின் சொல்வதை ஏற்றுக்கொள்வது என்ற பழக்கமே அவனுக்குக் கிடையாது. மெஷினிடமும் பேரம் பேசித்தான் பார்ப்பான். நியாயமாகக் கேட்டவனுக்கு நியாயமாகக் கொடுத்திருந்தால் எங்கள் ஆட்கள் யாரும் இப்படி ஆகியிருக்க மாட்டார்கள். மேடைக்கு மேடை உழவனைக் கும்பிட்டவர்கள், மாறி மாறி நாற்காலியில் உட்கார்ந்தவர்கள், எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது இதைத்தான்.

வழக்கு வருவாய் கோர்ட்டில் நடந்தது. எங்கள் வக்கீல் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"வியாதியே இல்லன்னு சொல்லிருங்க. அவங்க நிரூபிக்கட்டும்."

"இருந்தா என்ன சார்?" என்று நான் கேட்டேன். "இன்சுலின் போட்டுக்கிட்டு வயல்ல வேலை பாக்குறான். அதை அப்படியே சொல்லலாமே. டாக்டர்கிட்ட எழுதி வாங்கித் தர்றேன்."

"அதெல்லாம் உங்க கம்பெனியில சரியா இருக்கும்மா. இங்க ஆமான்னு சொன்னா அதோட முடிஞ்சுது."

தம்பியும் அவர் பக்கம். கோர்ட்டில் நின்று, எனக்கு எந்த நோயும் இல்லை என்றான். பம்பை வேட்டி மடிப்புக்குள் செருகியிருந்தான். அது அவன் இடுப்பில் சொட்டுச் சொட்டாக இன்சுலின் விட்டுக்கொண்டிருந்தது.

ஏஜெண்ட் விடவில்லை. நேரில் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று கேட்டார். அதிகாரி ஸ்தல ஆய்வுக்கு வருவதாக உத்தரவானது. சம்பா நடவு முடிந்து களை எடுக்கும் பருவம். வயலில் தம்பி வேலை செய்வதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் நோய்ப் பேச்சே அடிபட்டுப்போகும் என்று வக்கீல் நம்பினார். நானும் நம்பினேன்.

அந்த வாரம் தம்பிக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே இருந்தது. கவலைக்கே சர்க்கரை ஏறும். தூக்கம் இல்லை என்றாலும் ஏறும். ஏறினால் நாக்கு வறளும், அடிக்கடி ஒதுங்கப் போக வேண்டும், கண் மங்கும். அதிகாரி முன்னால் அப்படி நிற்க முடியுமா என்று பயந்தான். செயலி அவனுக்குப் போதுமான அளவு கொடுக்கவில்லை என்று என்னிடம் சண்டை போட்டான்.

"கருமியா வச்சிருக்கேக்கா இத. முந்நூறுல நிக்கிறேன், பாக்கி இருக்கு பாக்கி இருக்குங்குது. எங்க இருக்கு பாக்கி?"

"இருக்குடா. பொறு. இறங்கும்."

"நீயும் அந்த எஞ்சினியர் மாதிரிதான் பேசுற."

அப்புறம் இரண்டு நாள் சண்டை இல்லை. எண்கள் அழகாக வந்தன. நூற்று இருபது, நூற்று பத்து. என் போனிலும் அவை தெரியும். கவலை கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அந்த இரண்டு நாளும் மழை. அவன் வயலுக்குப் போகவில்லை, வேளைக்குச் சாப்பிட்டான், அம்மா பார்த்துப் பார்த்துப் போட்டாள். அதனால்தான் உடம்பு தாக்குப்பிடித்தது.

ஆய்வுக்கு அதிகாரி காலை ஒன்பது மணிக்கு வருவதாகத் தகவல். தம்பி ஏழு மணிக்கே இட்லி சாப்பிட்டு, அதற்கான இன்சுலினைப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனான். ஒன்பது மணிக்கு வரவில்லை. பத்துக்கும் வரவில்லை. அதிகாரி வரும்போது தம்பி சேற்றில் நிற்க வேண்டும் என்பதால் அவன் கரையேறவில்லை. அம்மா கொடுத்தனுப்பிய தேத்தண்ணியைக் கொண்டுபோய் வரப்பில் வைத்தேன். குடிக்கக்கூட ஏறவில்லை. சட்டையைக் கழற்றி மோட்டார் கொட்டகையில் மாட்டியிருந்தான். சட்டை போட்டவன் வேலை செய்கிறவனாகத் தெரிய மாட்டான் என்று அவனுக்கு எண்ணம். போனும் குளுக்கோஸ் பொட்டலமும் அந்தச் சட்டைப் பையில். போன் தள்ளிப் போனதால் என் போனுக்கும் எண் வரவில்லை; முந்தைய இரண்டு நாளை நம்பி நானும் சும்மா இருந்துவிட்டேன்.

செயலியில் "வயல்" என்று நான் அவனுக்காகவே வைத்த ஒரு பொத்தான் உண்டு. சேற்றில் கால் இழுத்து நடக்கும் வேலை சர்க்கரையைக் குடித்துத் தீர்க்கும், தோலுக்கடியில் தேங்கிய இன்சுலினையும் சீக்கிரம் இழுத்துக்கொள்ளும். அதை அழுத்தினால் செயலி கையை இறுக்கிக்கொள்ளும். ஒன்பது மணி வாக்கில் சட்டையைக் கழற்றும்போது தம்பி அதை அழுத்தித்தான் இருந்தான். ஆனால் அது இனி விடப்போவதை நிறுத்துமே தவிர, விட்டதைத் திரும்ப வாங்காது. அதற்குள் இட்லிக்குச் சர்க்கரை ஏறியதைப் பார்த்துச் செயலி விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

ஜீப் வந்தபோது நண்பகல் ஆகிவிட்டது. அதிகாரி வரப்பில் நின்றார். பக்கத்தில் ஏஜெண்ட் குடை பிடித்தார். நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

"என்னப்பா, நீதான் சாகுபடியா?" என்றார் அதிகாரி.

தம்பி நிமிர்ந்து பார்த்தான். சிரித்தான். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். சர்க்கரை இறங்கும்போது அவனுக்கு அப்படி ஒரு அசட்டுச் சிரிப்பு வரும்.

"எத்தனை மா?"

"நாலு," என்றான். பிறகு, "இல்ல. அப்பா வருவாரு. அப்பாகிட்ட கேளுங்க."

ஏஜெண்ட் மெதுவாக, எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார், "காலையிலேயே போட்டுட்டு வந்திருக்கான் சார்."

"அந்த மண்வெட்டிய எடுத்து ஒரு கொத்துக் கொத்து, பாப்போம்," என்றார் அதிகாரி.

தம்பி மண்வெட்டியை எடுத்தான். தூக்கினான். அது அவன் கையிலிருந்து பக்கவாட்டில் விழுந்தது. அவன் முழங்காலில் உட்கார்ந்தான். பயிர் நடுவே, மார்பு வரை சேறாக, உடம்பெல்லாம் வேர்வை வடிய. ஊரில் நிறையப் பேர் அந்த வயலில் குனிந்திருக்கிறார்கள். அப்படி ஒருவன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மோட்டார் கொட்டகை வயலின் அந்தக் கோடியில் இருந்தது. மழையில் ஊறிய வரப்பில் ஓடிப் போய் வருவதற்குள் அவனுக்கு வலிப்பு வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். தேத்தண்ணியை எடுத்தேன். அம்மா அவனுக்கென்று சர்க்கரை போடாமல் கொடுத்தது. ஜீப்பின் முன்பக்கம் டிரைவர் ஒரு மாம்பழ ஜூஸ் பாட்டிலை வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, அந்த ஜூஸக் குடுங்க."

டிரைவர் அதிகாரியைப் பார்த்தார். ஏஜெண்ட் குறுக்கே வந்தார். "குடிச்ச ஆளுக்கு எதுக்கும்மா ஜூஸு? முகத்துல தண்ணிய அடிங்க, தெளிஞ்சுரும்."

அதிகாரி என்னைப் பார்த்துக் கேட்டார், "குடிச்சிருக்கானா?"

அந்தக் கேள்வியை நான் எத்தனையோ தடவை மனசில் திருப்பிப் பார்த்துவிட்டேன். ஆமாம் என்று சொல்லியிருந்தால் நிலம் இருந்திருக்கும். குடிகாரன் சாகுபடி செய்யக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. பாதி ஊர் குடித்துவிட்டுத்தான் வயலில் இறங்குகிறது. அதிகாரி ஒரு திட்டுத் திட்டிவிட்டு, இன்னொரு நாள் வருகிறேன் என்று போயிருப்பார். நோயாளி என்றால் அன்றோடு முடிந்தது. தம்பி என்னைப் பார்த்தான். அந்த நிலையிலும் சொல்லாதே என்றுதான் அந்தப் பார்வை இருந்தது என்று நினைக்கிறேன். ஆனால் ஆமாம் என்று சொன்னால் ஜூஸ் வராது.

"குடிக்கல சார். அவனுக்குச் சுகர். இன்சுலின் போடுறான். சுகர் இறங்கிருச்சு. ஜூஸ் குடுக்கலன்னா செத்துருவான்."

பாட்டில் உடனே வந்தது. டிரைவர் செருப்போடு வயலில் இறங்கி வந்து கொடுத்தார். நான் தம்பியின் தலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். பாதி வாயில் போனது, பாதி கழுத்தில் வழிந்தது. அவன் கண்ணில் தெளிவு வருவதற்குள் ஏஜெண்ட் பேச வேண்டியதைப் பேசி முடித்துவிட்டார். நோய் இல்லை என்று கோர்ட்டில் சொன்ன பேச்சு, வேட்டி நனைந்து வெளியே தெரிந்த பம்ப், மண்வெட்டி தூக்க முடியாத கை. எல்லாம் அவர் கேட்டபடியே அமைந்துவிட்டது. அதிகாரி கெட்டவர் இல்லை. "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போம்மா," என்று ஜீப்பையே கொடுத்தார்.

சாயங்காலம் வீட்டில் அவன் போனைத் திறந்து பார்த்தேன். முடிவு நேரம் என்ற இடத்தில் ஆறு இல்லை, மூன்று இருந்தது. எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு எல்லா எண்ணும் தானாக விளங்கியது. இட்லிக்குப் போட்டதன் வால் உடம்பில் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும்போதே கிட்டத்தட்ட எல்லாம் தீர்ந்தது என்று செயலி நம்பி, அதன் மேல் விட்டிருக்கிறது, மறுபடியும் விட்டிருக்கிறது. எல்லா வாலும் சேர்ந்து நண்பகலில், சேற்றில், அதிகாரி முன்னால் வந்து நின்றிருக்கிறது.

"இத ஏண்டா மாத்துன?"

அவன் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தான். "ஆறுன்னு போட்டா பொறு பொறுங்குது. மூணுன்னு சொன்னா கூடக் குடுக்கும்னு தோணுச்சு."

"அதுக்காக மூணா?"

"அது அப்புடியேவா எடுத்துக்கும்? பாதிய வெட்டிக்கிட்டு ஒரு நாலரைன்னாவது வச்சுக்கும்னு நெனச்சேன்."

எனக்கு வந்த கோபத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன். "அது எஞ்சினியர் இல்லடா. சொன்னா நம்பிரும்."

"நம்பும்னு எனக்கு எப்புடிக்கா தெரியும்?" என்றான். "இதுவரைக்கும் யாரு நம்புனா?"

அம்மா, அந்த எண்ணை அவன் தொட முடியாதபடி நான் பூட்டி வைத்திருக்க வேண்டும் என்றாள். அதற்கு மட்டும் சண்டை போட்டேன். அவன் உடம்பு, அவன் கையில்தான் இருக்க வேண்டும். ஊரில் எல்லாவற்றுக்கும் வேறு யாரோ பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அலைகிறார்கள். அதில் நானும் ஒருத்தியாக முடியாது. இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

தீர்ப்பு வந்தது. சொந்த உழைப்பால் சாகுபடி செய்யும் உடல்நிலையில் எதிர்மனுதாரர் இல்லை என்பது நேரில் கண்டறியப்பட்டது என்று இருந்தது. அந்தச் சம்பாவை அறுத்துக்கொள்ள மட்டும் அனுமதித்தார்கள். மேல்முறையீடு செய்யலாம் என்றார் வக்கீல். நோய் இல்லை என்று சொல்லச் சொன்னவரும் அவர்தான். நான் அவர் முகத்தையே பார்க்காமல் எழுந்து வந்தேன். அவருக்கும் கோபம், என் மேல். ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறார்.

தம்பியும் அதைத்தான் நினைக்கிறான். நேராகச் சொன்னதில்லை. அறுவடை முடிந்த அன்றைக்கு வரப்பில் நின்று, "அன்னைக்கு என்னய வயல்லயே விட்ருந்துருக்கலாம்," என்றான். நெல்லைப் பார்த்துக்கொண்டு சொன்னான். எனக்கு அழுகை வரவில்லை. அவனைப் பிடித்து அறைய வேண்டும் போலிருந்தது. என் தம்பியின் உயிரைக் காப்பாற்றியதற்காக அவனிடமே குற்றவாளியாக நிற்கும்படி என்னை நிறுத்தியவர்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி அறைய வேண்டும் போலிருந்தது.

இப்போது அந்த ஒன்பது மாவில் பயிர் இல்லை. செம்மண் கொட்டி மேடாக்கி, வீட்டு மனை விற்க வெள்ளையடித்த கல் நட்டிருக்கிறார்கள். உடம்பால் உழைக்காதவனுக்கு நிலம் இல்லை என்று வாதாடிய ஏஜெண்ட், அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். தம்பி கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறான். காலையில் பஸ், பகலெல்லாம் மின்விசிறியின் கீழே நாற்காலி, மதியம் அளந்த சோறு, சாயங்காலம் பஸ்.

செயலியில் ஆறு மணி நேரம் என்று திருத்தியவன் அவன்தான். நான் சொல்வதற்கு முன்பே செய்திருந்தான். அதன் பிறகு அந்த எண்ணைத் தொடவில்லை. வளைவு இப்போது அவன் உடம்போடு அப்படியே பொருந்திப் போகிறது. அது இவ்வளவு இறங்கும் என்று சொன்னால் அவ்வளவு இறங்குகிறது, இந்த நேரத்தில் அடங்கும் என்றால் அந்த நேரத்தில் அடங்குகிறது. நான் மாதக் கணக்கில் உட்கார்ந்து சரிபார்த்தும் வராத பொருத்தம். சேறு இல்லை, வெயில் இல்லை, தண்ணீர் வருமா வராதா என்ற கவலை இல்லை. "வயல்" பொத்தான் திரையில் இன்னும் இருக்கிறது. யாரும் அழுத்துவதில்லை. எடுத்துவிடலாமா என்று அவனிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

போன தடவை கும்பகோணத்து டாக்டரிடம் நானும் கூடப் போனேன். அவர் தம்பியின் போனை வாங்கி, மூன்று மாத வரைபடத்தை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. கோடு அசையாமல் போய்க்கொண்டிருந்தது.

"பிரமாதம்," என்றார். "இப்படி ஒரு கோடு நான் பாத்ததே இல்ல. முன்னாடி அப்படிக் குதிச்சுக்கிட்டு இருந்துதே. என்ன மாத்துனீங்க?"

நான் முடிவு நேரத்தைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் தம்பி சொன்னான்.

"வயல விட்டுட்டேன் சார்."

டாக்டர் ஏற்கெனவே அடுத்த சீட்டை எழுத ஆரம்பித்திருந்தார். "நல்லது. அப்படியே மெயின்டெயின் பண்ணுங்க," என்றார்.